தெரிகிறது என்று சொல்வதற்கு முன்

தரையிறங்கப் போகும் விமானத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் நான் புத்தகத்தை மூடிவிடுவேன். கூரைகள், சாலைகள், திடீரென்று ஒரு நீச்சல் குளம் என்று பார்த்துக்கொண்டிருப்பதில் ஒரு சுகம். ஒருநாள் அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தபோது எங்களுக்குக் கீழே ஒரு ஹெலிகாப்டர் தெரிந்தது. சக்கரங்களை இறக்கியாகிவிட்டது, காதடைப்பு விட்டுக்கொண்டிருந்தது, கார்களின் நிறம் பிரித்துச் சொல்லும் உயரத்துக்கு வந்துவிட்டோம். அந்த நேரத்தில் இறக்கை முனைக்குச் சற்றுத் தள்ளி, தலைக்கு மேல் சுழலும் விசிறி ஒரு வெளிறிய தட்டு மாதிரித் தெரிய, அது பாட்டுக்கு நின்றுகொண்டிருந்தது. நின்றிருக்காது, வட்டமடித்துக்கொண்டிருந்திருக்கும். எங்கள் வேகத்துக்கு அது நிற்பதாகத்தான் பட்டது. இரண்டு மூச்சு விடுவதற்குள் பின்னால் போய்விட்டது. பக்கத்து இருக்கைக்காரர் வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். பயம் என்று சொல்ல மாட்டேன், எரிச்சல். இவ்வளவு பெரிய வானத்தில் இந்த ஆளுக்கு வேறு இடமே கிடைக்கவில்லையா?

இந்தக் கேள்வியைப் பல வருடம் ஒரு அபிப்பிராயமாகவே வைத்திருந்தேன். பெரிய விமான நிலையத்தைச் சுற்றிக் கோடு போட வேண்டும், ஹெலிகாப்டர்கள் அந்தக் கோட்டுக்கு வெளியே சுற்றிக்கொண்டு போக வேண்டும், அவ்வளவுதான். இதைத் தெரியாத்தனமாக என் கல்லூரி நண்பன் ஒருவனிடம் சொல்லிவிட்டேன். இயந்திரவியல் படித்துவிட்டு, வீட்டில் எல்லோரும் தலையில் கைவைத்துக்கொள்ள, ஹெலிகாப்டர் ஓட்டப் போனவன். உயரழுத்த மின்கம்பிகள் போகும் வழியெல்லாம் பறந்து சோதிப்பது, படம் பிடிக்கிறவர்களை ஏற்றிப்போவது என்று பிழைப்பு. அவன் வண்டி நிற்கும் தளம் ஒரு பெரிய சர்வதேச விமான நிலையத்துக்கு வடக்கே, வேலை பெரும்பாலும் தெற்கே. ஆக, வாரத்துக்கு நாலைந்து தடவை குறுக்கே கடக்கிறவன். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "நீ வர்றதுக்கு முன்னாடியே நான் அங்கதான்டா இருந்தேன். என் தலைக்கு மேல போனது நீ" என்றான்.

அவன் பக்க நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். விமான நிலையத்தைக் கட்டும்போது ஊருக்கு வெளியேதான் கட்டுகிறார்கள். ஊர் அதைத் துரத்திக்கொண்டு வந்து சுற்றி வளைத்துக்கொள்கிறது. அப்புறம் விபத்தில் அடிபட்டவர் ஓடுபாதைக்கு ஒரு பக்கமும், அவரைக் காப்பாற்றக்கூடிய ஆஸ்பத்திரி மறுபக்கமுமாக அமைந்துவிடுகிறது. போலீஸ் துரத்தும் கார் விமான நிலையத்து வேலியைப் பார்த்துத் திரும்பிவிடுவதில்லை. கட்டுப்பாட்டு வான்வெளியைச் சுற்றிக்கொண்டு போவதென்றால் எரிபொருளும் நேரமும் எங்கேயோ போய் நிற்கும். இதெல்லாம் எனக்கும் ஓரளவு தெரிந்ததுதான். தெரியாதது வேறொன்று இருந்தது.

தரையிலிருக்கிறவர்களுக்கு விமானச் சத்தமும் பிடிக்காது, ஹெலிகாப்டர் சத்தமும் பிடிக்காது. ஆகவே இரண்டையும் வீடில்லாத இடத்தின் மேல் தள்ளப் பார்க்கிறார்கள். ஒரு நகரத்துக்கு நடுவே வீடில்லாத நீளமான இடம் எது? ஆறு. லண்டனில் ஒற்றை என்ஜின் ஹெலிகாப்டர்கள் நகரத்தைக் கடக்க தேம்ஸ் ஆற்றைப் பிடித்துக்கொண்டுதான் போக வேண்டும். என்ஜின் நின்றுபோனால் யார் வீட்டுக் கூரையிலும் விழாமலிருக்க. நியூயார்க்கில் ஹட்சன் ஆறு. வாஷிங்டனில் பொடோமேக். சில இடங்களில் இறங்கும் ஜெட் விமானங்களையும் அதே ஆற்றைத் தொடர்ந்து வரச் சொல்கிறார்கள், அதே காரணத்துக்காக. யாரும் விரும்பாத இரண்டு சத்தங்கள் ஒரே குறுகலான சந்தில் எதிரும் புதிருமாக வந்து நிற்கின்றன. 2009 ஆகஸ்ட் 8 அன்று ஹட்சன் மேல் ஒரு சிறிய விமானமும் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிய ஹெலிகாப்டரும் மோதி 9 பேர் இறந்தார்கள். பட்டப்பகல், தெளிவான வானம். மாறச் சொன்ன அலைவரிசையை விமானி தவறாகத் திருப்பிச் சொன்னார், அதை யாரும் திருத்தவில்லை. அதற்குப் பிறகுதான் அந்த ஆற்றின் மேல் உள்ளூர்ச் சுற்றுக்காரர்கள் 1,000 அடிக்குக் கீழே, கடந்து போகிறவர்கள் 1,000 அடிக்கு மேலே என்று பிரித்துக் கட்டாயமாக்கினார்கள்.

நடுவில்தான் பத்திரம்

"எங்க கடப்பன்னு நினைக்கிற?" என்று நண்பன் கேட்டான். ஓடுபாதையிலிருந்து முடிந்தவரை தள்ளி, ஐந்தாறு மைலுக்கு அப்பால் என்றேன். சாலையைக் கடக்கிற புத்தி. அவன் ஒரு காகிதத்தில் கோடு போட்டுக் காட்டினான். விமானங்கள் சுமார் 3 டிகிரி சரிவில் இறங்குகின்றன. ஒரு நாட்டிகல் மைலுக்கு (கடல் மைல், சுமார் 1.85 கி.மீ.) ஏறத்தாழ 300 அடி. 3 மைல் தொலைவில் விமானம் 1,000 அடி உயரத்தில் இருக்கும், 6 மைலில் 2,000 அடி. ஹெலிகாப்டர் புழங்குவதும் கிட்டத்தட்ட அந்த உயரங்களில்தான். தள்ளிப் போகப் போக, விமானம் எந்த உயரத்தில், எந்தத் திசையிலிருந்து திரும்பி வருகிறது என்பது குழம்பிக்கொண்டே போகும். ஆனால் ஓடுபாதையின் வாசலில் விமானம் தரையிலிருந்து 50 அடி. ஓடுபாதையின் நடுப்பகுதிக்கு வரும்போது தரையில் உருண்டுகொண்டிருக்கும். எல்லா விமானமும் ஒரே கோட்டில், ஒரே உயரத்தில், எங்கே இருக்கிறது என்று சந்தேகமில்லாமல் தெரிகிற ஒரே இடம் அதுதான். அதன் தலைக்கு மேலே 1,000 அடியில் போகிறவனுக்குக் கீழே நடப்பதெல்லாம் கேரம் பலகை மாதிரி.

விமானத்தின் இறக்கை முனைகளிலிருந்து கிளம்பும் சுழல்காற்றும் இதே கணக்குக்குள் வருகிறது. பெரிய ஜெட் போன பாதையில் அந்தச் சுழல் நிமிடத்துக்குச் சில நூறு அடி வீதம் மெல்லக் கீழே இறங்கும்; நான்கு பேர் உட்காரும் ஹெலிகாப்டர் அதில் மாட்டினால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. இறக்கை தூக்கும்வரைதான் சுழல் உண்டு. சக்கரம் தரையில் பட்டு எடை அதன் மேல் உட்கார்ந்ததும் அது நின்றுவிடும். எனவே தொட்ட இடத்துக்கு மேலே, விமானம் வந்த சரிவுக்கும் மேலே கடக்கிறவனுக்கு அது ஒரு பிரச்சினை இல்லை. ஐந்து மைல் தள்ளி, அதே சரிவுக்கு அடியில் புகுந்து போகலாம் என்று யோசனை சொன்ன என்னைப் போன்றவனுக்குத்தான் பிரச்சினை.

லாஸ் ஏஞ்சலஸ் விமான நிலையத்தின் நேர் மேலே சிறிய விமானங்களுக்கென்று ஒரு வழியே திறந்துவிட்டிருக்கிறார்கள். தென்கிழக்கே போகிறவர் 3,500 அடி, வடமேற்கே போகிறவர் 4,500 அடி, வேகம் 140 நாட் (மணிக்கு 140 நாட்டிகல் மைல்) அளவைத் தாண்டக்கூடாது, ஜெட்டுக்கு இடமில்லை. அந்த வழிக்குள் போக டவரிடம், அதாவது கட்டுப்பாட்டுக் கோபுரத்திடம், அனுமதிகூடக் கேட்க வேண்டாம். பொது அலைவரிசையில் தாங்கள் எங்கே இருக்கிறோம் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டே போனால் போதும். அதே நிலையத்தின் மேற்கே, புறப்பட்ட ஜெட்கள் கடலுக்கு மேல் ஏறும் இடத்தில், ஹெலிகாப்டர்கள் அலைக்கு மேல் 150 அடிக்கு மிகாமல் ஒட்டிக்கொண்டு கடக்கின்றன. உச்சியிலும் போகலாம், அடியிலும் போகலாம். இடைப்பட்ட இடம்தான் ஆகாது.

இதைக் கேட்டதும் என் பழைய அபிப்பிராயம் தலைகீழாகிவிட்டது. சரி, தெரிந்தவர்கள்தான் யோசித்துச் செய்திருக்கிறார்கள், நமக்கென்ன என்று நிம்மதியாக இருந்தேன். அந்த நிம்மதியையும் அவனே கெடுத்தான்.

இரண்டு வெளிச்சங்கள்

அவன் ஊருக்குப் போயிருந்தபோது, வேலை எதுவுமில்லாமல் வண்டியை வேறொரு தளத்துக்குக் கொண்டுபோய் விட வேண்டியிருந்தது. வர்றியா என்றான். ஹெலிகாப்டரில் பைலட் வலப்பக்கம் உட்காருவார், எனக்கு இடப்பக்கம். கதவு என்று ஒன்று இருக்கிறதே தவிர, கார்க் கதவு அளவுக்குக்கூட நம்பிக்கை தராது. தொடையில் கட்டிய சின்னப் பலகையில் ஒரு காகிதம். காற்றழுத்த எண்ணையும் நான்கு இலக்க அடையாள எண்ணையும் பென்சிலால் எழுதிக்கொண்டான். சூரியன் இறங்கி கால் மணி நேரம் ஆகியிருக்கும். வானத்தில் வெளிச்சம் மிச்சமிருந்தது, தரையில் விளக்குகள் வந்துவிட்டன. பார்க்க அழகான நேரம். விமானத்தைத் தேட மோசமான நேரம் என்று பிறகுதான் புரிந்தது.

ஓடுபாதைக்கு வடக்கே ஒரு மைல் தள்ளி, ஒரு பெரிய சாலைச் சந்திப்பின் மேல், எங்களைக் காத்திருக்கச் சொன்னார்கள். ஹெலிகாப்டர் காத்திருப்பது என்றால் அந்தரத்தில் நிற்பதில்லை, சின்ன வட்டமாகச் சுற்றுவது. முதல் சுற்றில் ஊரைப் பார்த்தேன். இரண்டாவது சுற்றில் ஓடுபாதையைப் பார்த்தேன்: ஒரு முனையில், சக்கரங்கள் தொடும் இடத்தில், டயர் ரப்பர் படிந்து கன்னங்கரேலென்று இருக்கிறது, அந்தக் கறுப்புக்கு இப்பால் வெள்ளையில் எண்கள். நுழைவுக் கோட்டில் மூன்று விமானங்கள் வரிசையில் நின்றன. மூன்றாவது சுற்றில் நண்பன் பேசுவதை நிறுத்திவிட்டான். அவன் தலை ஓயாமல் அசைந்துகொண்டிருந்தது, கண்ணாடிக்கு நடுவிலுள்ள கம்பத்துக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக. பிறகு கேட்டபோது, அந்தக் கம்பம் ஒரு முழு விமானத்தை மறைத்துவிடும் என்றான்.

காத்திருப்பதற்கும் ஒரு கனம் உண்டு. கிழக்கிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாக விமானங்கள். 3 மைல் இடைவெளி, 140 நாட் வேகம் என்று வைத்துக்கொண்டால் ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் நடுவே சுமார் 77 விநாடி. எங்கள் வண்டி 90 நாட். ஒரு மைலைத் தாண்ட 40 விநாடி. கணக்குப்படி தாராளம். ஆனால் அந்த 77 விநாடியில் எப்போது கிளம்புவது என்பதைக் காகிதம் சொல்லாது. பேரொலியுடன் ஒவ்வொன்றாகத் தாண்டிப் போவதைப் பார்த்துக்கொண்டே சுற்றும்போது, அடுத்த வாய்ப்பு நமக்குத்தான் என்று உடம்பு தயாராகிவிடுகிறது. பேருந்து நிறுத்தத்தில் முன்னுக்கு நகர்ந்து நகர்ந்து சாலைக்கே வந்துவிடுகிறோமே, அப்படி. கூடைப்பந்து வீரர் கோபி பிரையன்ட் இறந்த அந்த 2020 ஜனவரி 26 பயணத்தில்கூட, ஹெலிகாப்டர் பர்பாங்க் விமான நிலையத்து வான்வெளிக்கு வெளியே கிளெண்டேல் பக்கம் அனுமதிக்காகப் பத்து நிமிடத்துக்கும் மேல் வட்டமடித்தது. விபத்துக்குக் காரணம் அதுவல்ல. பிறகு கலபாசஸ் குன்றுகளில் மேகத்துக்குள் போனதுதான். ஆனால் விசாரணை அறிக்கையில் பைலட் தனக்குத் தானே ஏற்றிக்கொண்ட நெருக்கடி என்று ஒரு வார்த்தை வருகிறது. அதைப் படித்தபோது எனக்கு இந்த வட்டங்கள்தான் ஞாபகம் வந்தன.

டவர் பேசியது. ஏர்பஸ் ஏ320, 3 மைலில், ஓடுபாதையை நோக்கி வருகிறது, தெரிந்ததும் சொல்லவும். நான் உடனே பார்த்துவிட்டேன். கிழக்கே, தொடுவானத்துக்கு மேல், இருட்டத் தொடங்கிய வானத்தில் பளீரென்று ஒரு வெளிச்சம். மறுக்க முடியாத வெளிச்சம். கையை நீட்டி "அதோ!" என்றேன். பயணிகள் இருக்கைக்காரனாக எனக்குக் கிடைத்த முதல் வேலையைச் சரியாகச் செய்துவிட்ட பெருமை வேறு. நண்பன் என் கையைப் பார்த்தான், வெளிச்சத்தைப் பார்த்தான், டவரிடம் "லுக்கிங்" என்று மட்டும் சொன்னான். தேடிக்கொண்டிருக்கிறேன் என்று அர்த்தம். இவனுக்குக் கண் போய்விட்டதா என்று நினைத்தேன். கண்ணெதிரே எரிகிறது, தேடுகிறானாம்.

ஏழெட்டு விநாடி இருக்கும். பிறகு அவன் விரல் என் வெளிச்சத்தைக் காட்டவில்லை, அதற்குக் கீழே, இடப்பக்கமாக, நகரத்து விளக்குகளின் குவியலுக்குள் ஒரு இடத்தைக் காட்டியது. அங்கே எனக்கு எதுவும் தெரியவில்லை. தெருவிளக்குகள், கார்கள், ஏதோ கட்டடத்தின் உச்சியில் சிவப்பு. அந்தக் குவியலில் ஒரே ஒரு வெள்ளைப் புள்ளி மட்டும் மெல்ல நகர்ந்தது, பக்கத்திலிருந்த புள்ளிகளை ஒவ்வொன்றாக மறைத்துக்கொண்டு. அதுதான் ஏ320. எங்களோடு ஏறத்தாழ ஒரே உயரத்துக்கு வந்துவிட்டதால் அதற்குப் பின்னால் வானம் இல்லை, ஊர் இருந்தது. நான் காட்டியது அதற்குப் பின்னால் இன்னும் 3 மைல் தள்ளி, அதைவிட ஆயிரம் அடி உயரத்தில் வரும் வேறொரு பெரிய விமானம். தூரத்தில் இருப்பதால் அதன் முகவிளக்கு ஏறக்குறைய எங்களை நேராகப் பார்த்தது. கிட்டே வந்த விமானத்தின் விளக்கோ எங்களை விட்டு விலகி ஓடுபாதையைப் பார்த்தது. தூரத்தில் இருப்பது பளிச்சென்றும் கிட்டே இருப்பது மங்கலாகவும். இதை நான் கற்பனைகூடச் செய்து பார்த்ததில்லை.

"ட்ராஃபிக் இன் சைட்" என்றான் நண்பன். அந்த விமானம் தெரிகிறது என்று அர்த்தம். அதன் பின்னால் கடக்கலாம், நீங்களே பார்த்து விலகிக்கொள்ளுங்கள், சுழல்காற்று கவனம் என்று டவர் சொன்னது. ஏ320 எங்களுக்கு முன்னால் வலப்பக்கம் தாழ்ந்து போனது. அவன் கிளம்பவில்லை. டயரிலிருந்து சின்னதாக நீலப்புகை எழும்புவதைப் பார்த்த பிறகுதான் மூக்கைத் திருப்பினான். கடைசி நொடியில் இறங்க வேண்டாம் என்று முடிவெடுத்து விமானம் மேலே கிளம்பிவிட்டால் அது நாங்கள் போகும் இடத்துக்குத்தான் ஏறி வரும்; அதனால் புகையைப் பார்க்காமல் கிளம்ப மாட்டானாம். கடந்தோம். கீழே வெள்ளை எண்கள், கறுப்பு ரப்பர், காத்திருக்கும் மூன்று விமானங்கள், விமானி அறைக்குள் மங்கல் வெளிச்சம். மறுபக்கம் வந்த பிறகுதான் மூச்சு விட்டேன்.

இறங்கிய பிறகு கேட்டேன், நான் காட்டியதையே நீயும் நம்பியிருந்தால்? "அது தூரத்துலதானே இருக்கு, நிதானமா போய் ஓரமா ரெடியா நிக்கலாம்னு ரன்வேயை நோக்கிப் போயிருப்பேன். கண்ணு முழுக்க அது மேலதான் இருந்திருக்கும். நடுவுல இது வந்திருக்கும்." சாப்பாட்டில் உப்புக் குறைவு என்கிற குரலில் சொன்னான்.

அன்றிலிருந்து எனக்கு அந்த வெளிச்சம் அல்ல, என் நிச்சயம்தான் உறுத்திக்கொண்டிருந்தது. நான் பொய் சொல்லவில்லை. அவசரப்படவும் இல்லை. ஒரு விமானத்தைப் பார்த்தேன், பார்த்தேன் என்றேன். டவர் கேட்டது ஒரு குறிப்பிட்ட விமானத்தை. நான் பதில் சொன்னது இன்னொன்றுக்கு. 'தெரிகிறது' என்ற சொல்லில் எந்த விமானம் என்பது இல்லை. ஆனால் அந்தச் சொல் வாயிலிருந்து வந்த கணத்தில், இரண்டையும் விலக்கி வைக்கும் பொறுப்பு ரேடார் முன்னால் இருப்பவரிடமிருந்து கண்ணாடி வழியே பார்ப்பவரிடம் கைமாறிவிடுகிறது.

200 அடி

2025 ஜனவரி 29 இரவு வாஷிங்டனில் ரொனால்ட் ரீகன் விமான நிலையத்துக்கு அருகே நடந்ததை எல்லோரும் படித்திருப்பீர்கள். இறங்கிக்கொண்டிருந்த சிஆர்ஜே-700 என்ற சிறிய பயணிகள் ஜெட்டில் 64 பேர், ராணுவத்தின் பிளாக் ஹாக் ஹெலிகாப்டரில் 3 பேர். 67 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. மறுநாள் என் கைபேசியில் வந்த செய்திகளெல்லாம் என் பழைய கேள்வியையே கேட்டன: ஹெலிகாப்டருக்கு அங்கே என்ன வேலை? நான் எதையும் எழுதவில்லை. ஒலிப்பதிவு வெளியானதும் அதை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டேன். கட்டுப்பாட்டாளர் சிஆர்ஜே தெரிகிறதா என்று கேட்கிறார். தெரிகிறது, பார்த்து விலகிக்கொள்கிறோம் என்று ஹெலிகாப்டரிலிருந்து பதில். அமைதியான, பழகிய குரல். எந்த விமானத்தின் வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டு அந்தப் பதிலைச் சொன்னார்கள் என்று இனி அவர்களைக் கேட்க முடியாது.

விசாரணை விவரங்கள் வரவர, நண்பனின் ஏழெட்டு விநாடி மௌனம் எனக்குள் பெரிதாகிக்கொண்டே போனது. அந்த விமானம் முதலில் 1ஆம் ஓடுபாதைக்கு வந்துகொண்டிருந்தது. கடைசிக் கட்டத்தில் 33ஆம் ஓடுபாதைக்கு மாற்றிக்கொள்ள முடியுமா என்று கேட்டார்கள், விமானி ஒப்புக்கொண்டு ஆற்றின் கிழக்குப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு வந்தார். 33ஐ நோக்கிச் சுற்றி வருகிறது என்று ஹெலிகாப்டருக்கும் சொன்னார்கள். அதில் 'சுற்றி வருகிறது' என்ற அந்த ஒரு வார்த்தை ஹெலிகாப்டர் அறையின் ஒலிப்பதிவில் கேட்கவில்லை. பின்னர், அதன் பின்னால் போ என்று சொன்னபோது, ஹெலிகாப்டரில் யாரோ பேசும் பொத்தானை 0.8 விநாடி அழுத்தியிருந்தார்கள். பின்னால் என்ற சொல் அதில் மூழ்கிப்போனது. ஒரு வார்த்தை இங்கே, ஒரு வார்த்தை அங்கே. நேராக வரும் விமானத்தைத் தேடுகிற கண்ணுக்கு, பக்கவாட்டில் வளைந்து வரும் விமானம் தேடப்படாத விமானம்.

ஹெலிகாப்டர் பாதைக்கு அங்கே 200 அடி உச்சவரம்பு. 200 அடிக்குக் கீழே இருந்தால் பத்திரம் என்று வரைபடத்தைப் பார்த்த யாரும் நினைப்பார்கள். மோதல் நடந்தது சுமார் 300 அடியில். சரி, பைலட் தவறு என்று முடித்துவிடலாம் என்றால், கிழக்குக் கரையை ஒட்டி 200 அடியிலேயே போயிருந்தாலும் 33க்கு இறங்கும் விமானத்துக்கும் அதற்கும் நடுவே 75 அடிதான் இருக்கும் என்று அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் கணக்கிட்டது. போதாததற்கு, அதே வகை ஹெலிகாப்டர்களைப் பறக்கவிட்டுச் சோதித்தபோது, உயரமானி காட்டியதற்கும் உண்மையான உயரத்துக்கும் 80 முதல் 130 அடி வரை வித்தியாசம் வந்தது. கருவியின் பிழையே இடைவெளியைவிடப் பெரிது. நண்பன் என் காகிதத்தில் போட்ட கோட்டுக்கு இதில் இடமே இல்லை. அங்கே விமானத்துக்கும் ஹெலிகாப்டருக்கும் நடுவே 900 அடிக்கு மேல் இருந்தது, வாசலுக்கு நேர் மேலே கடந்தோம். இங்கே விமானத்தின் வயிற்றுக்கு அடியில், கடைசிச் சரிவில், ஒரு ஆறு மாடிக் கட்டடத்தின் உயரம்.

மோதலைத் தவிர்க்கும் கருவி விமானத்தில் இல்லையா என்று கேட்பார்கள். இருந்தது. தரைக்கு மேல் ஏறத்தாழ 1,000 அடிக்குக் கீழே அது ஏறு, இறங்கு என்று ஆணையிடாது. தரையில் நிற்பவற்றையும் கட்டடங்களின் நெருக்கத்தையும் வைத்துக்கொண்டு அந்த உயரத்தில் ஆணையிடுவது வேறு ஆபத்து. 'ட்ராஃபிக், ட்ராஃபிக்' என்று எச்சரிக்க மட்டும் செய்யும். அந்தக் குரல் சுமார் 20 விநாடி முன்பு ஒலித்தது. ஆக, எல்லாக் கருவிகளும் ஒவ்வொன்றாக ஒதுங்கிக்கொண்ட பிறகு மிச்சமிருந்த ஒரே தடுப்பு, இருட்டில் ஒரு ஜோடிக் கண் சொன்ன 'தெரிகிறது'.

என்னை அதிகம் கலங்கடித்தது விபத்து பற்றிய தகவல்கூட இல்லை, அதற்கு முந்தைய ஆண்டுகளின் கணக்கு. 2021 அக்டோபரிலிருந்து 2024 டிசம்பர் வரை அந்த நிலையத்தில் 9,44,179 விமானப் போக்குவரத்துகள். அவற்றில் 15,214 தடவை ஒரு விமானமும் ஒரு ஹெலிகாப்டரும் பக்கவாட்டில் ஒரு நாட்டிகல் மைலுக்கும் உயரத்தில் 400 அடிக்கும் குறைவான இடைவெளியில் கடந்திருக்கின்றன. 85 தடவை பக்கவாட்டில் 1,500 அடிக்கும் உயரத்தில் 200 அடிக்கும் குறைவு. 85 தடவையும் ஒன்றும் ஆகவில்லை. எனவே 86ஆவது தடவையும் ஆகாது என்று யாரும் வாய்விட்டுச் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் அப்படித்தான் அந்தப் பாதை வரைபடத்தில் நீடித்தது. விபத்துக்குப் பிறகு, 2025 மார்ச்சில், வாரியம் அவசரப் பரிந்துரை கொடுத்ததும் பாதையின் அந்தத் துண்டை நிரந்தரமாக மூடிவிட்டார்கள். அதைச் செய்யச் சில நாட்கள்தான் ஆயிற்று.

இப்போது என் அபிப்பிராயம் என்ன என்று கேட்டால், முதலில் வைத்திருந்ததுக்கும் நண்பன் கொடுத்ததுக்கும் நடுவே எங்கேயோ வட்டமடித்துக்கொண்டிருக்கிறது. ஹெலிகாப்டர் கடக்கட்டும். ஓடுபாதையின் தலைக்கு மேலேயே கடக்கட்டும். ஆனால் கடக்கும் வழி, கண் பார்த்தது தவறாக இருந்தாலும் உயிர் பிழைக்கிற வழியாக இருக்க வேண்டும். நண்பனின் வழி அப்படி இருந்தது: அவன் தவறான விமானத்தைப் பார்த்திருந்தாலும், காத்திருக்கும் இடத்துக்கும் ஓடுபாதைக்கும் நடுவே ஒரு மைல் இருந்தது, கோளாறை டவர் கவனித்துக் கூப்பிட நேரம் இருந்தது. பொடோமேக்கில் அந்த நேரம் இல்லை. ஹெலிகாப்டர்களையும் விமானங்களையும் சேர்த்து ஒரே ஆள் பார்த்துக்கொண்டிருந்தார். அவரும் அந்த இரவில் எத்தனை குரல்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார் என்பதை ஒலிப்பதிவில் கேட்கலாம். அவரைக் குறை சொல்லி எழுதப்பட்டவற்றைப் படிக்க எனக்குக் கூசியது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தெரியவில்லை என்று சொல்வதற்கும் ஒரு வாசகம் இருக்கிறது: 'நெகடிவ் காண்டாக்ட்'. அதைச் சொன்னால் இன்னொரு வட்டம், அதற்குப் பிறகும் சொன்னால் இன்னொன்று. டவரில் இருப்பவர் சலித்துக்கொள்வார், பின்னால் காத்திருப்பவர் சலித்துக்கொள்வார், ஏற்றி வந்தவர்கள் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். அனுபவமுள்ள பைலட்டுக்கு அது சற்று வெட்கமான வாசகமும்கூட என்று நண்பன் ஒப்புக்கொண்டான். ஊரே பார்க்கும் வெளிச்சத்தைப் பார்க்கவில்லை என்று சொல்வது. நான் கை நீட்டியபோது அவன் அந்த வெட்கத்தை ஏழெட்டு விநாடி சுமந்தான்.

வாஷிங்டன் விபத்துக்குச் சில மாதங்கள் கழித்து அவனிடம் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தபோது கேட்டுவிட்டேன். இத்தனை வருஷத்தில் எப்போதாவது தவறான விமானத்தைப் பார்த்துவிட்டு 'இன் சைட்' என்று சொல்லியிருக்கிறாயா? கோபப்படுவான் என்று நினைத்தேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"தெரியலையேடா," என்றான். "தப்பாப் பார்த்திருந்தா எனக்கு எப்படித் தெரியும்?"

பிறகு பேச்சு வேறெங்கோ போனது. வைப்பதற்கு முன், மறுநாள் மாலை பறக்க வேண்டியிருப்பதாகச் சொன்னான். காற்று மாறியிருக்கிறதாம். விமானங்கள் மேற்கிலிருந்து இறங்கும். காத்திருக்கும் இடம் அதே சாலைச் சந்திப்புதான், தேட வேண்டிய பக்கம் மட்டும் வேறு.